மிளகாய் குடோனும் ஒன்ஸ்மோர் அண்ணனும்

ராயபுரத்தில் எங்கள் பக்கம் ஒரு பாட்டு இரண்டாவது தடவை பாடப்பட்டிருந்தால், அதற்கு ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் எங்காவது இருந்திருக்கும். பன்னிரண்டு வருடம் அதே தெருவில் குடியிருந்தும் எனக்கு அது தெரியாது. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தெருவுக்கு அவர் ஒன்ஸ்மோர் அண்ணன். தபால்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் சரக்கு, மேலே கிரேன் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே சரக்கைக் கட்டுகிறவர்களுக்கு அவரைத் தெரியாது. இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி விளிம்பில் ஒருவர் நின்று, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையாலேயே சொல்ல வேண்டும். முப்பது வருடம் அதைச் செய்த கை, ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை. டீக்கடையில் சர்க்கரை போதும் என்று உள்ளங்கையைக் கவிழ்ப்பார். அந்த வீச்சைப் பார்த்துப் புதிதாக வந்த டீ மாஸ்டர் ஒருவர் பாய்லரையே அணைத்துவிட்டார்.

தெருவில் கச்சேரி என்றால் அண்ணன் வெள்ளைச் சட்டையோடு ஆஜராகிவிடுவார். பாட்டு முடியும் நேரம் வலது கையைத் தூக்கி, ஒரு விரலை வட்டமாகச் சுற்றுவார். பிறகு குரல் வரும். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. ஒரு வருடம் மாதா கோயில் திருவிழாவில் ஒரே பாட்டை நான்கு முறை பாட வைத்தார். தேர் பவனி முனையிலேயே நின்றது. பங்குத் தந்தை வந்து கும்பிட்டுக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அண்ணன் கையை இறக்கினார், தேர் நகர்ந்தது.

அதைவிட மோசம் எதிர்க் கல்யாண மண்டபத்தில் நடந்தது. முகூர்த்த நேரம், கெட்டிமேளம் கொட்டி முடித்த அடுத்த நொடி, வாசலிலிருந்து "ஒன்ஸ்மோர்" என்று குரல் வந்தது. மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சோடு அப்படியே உறைந்துவிட்டார். நாதஸ்வரக்காரர் பழக்க தோஷத்தில் மறுபடி ஆரம்பிக்க, தவில்காரரும் சேர்ந்துகொண்டார். அவிழ்த்துவிட்டு மறுபடி கட்ட வேண்டுமோ என்று பெண் வீட்டார் கூடிப் பேசியதாகச் சொல்வார்கள். நான் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தேன், அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இவ்வளவு பெரிய ரசிகரிடம் எனக்குப் புரியாத விஷயம் மூன்று இருந்தது. எந்த மண்டபத்துக்குள்ளும் போய் உட்கார மாட்டார், தெருவில்தான் நிற்பார். பாட்டு நடக்கும்போது மேடையைப் பார்க்காமல் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். இசை ஆண்டவனிடம் கொண்டுபோகிறது என்று நாங்களாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டோம். மூன்றாவது, எங்கள் தெரு முனையைத் தாண்டி எந்தக் கச்சேரிக்கும் வர மாட்டார். திருவொற்றியூரில் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, போக வர வேன் இருக்கிறது என்று ஒருமுறை வற்புறுத்தினோம். "அவ்ளோ தூரத்துல இன்னா கேக்கப் போவுது?" என்றார். வேனில் பக்கத்திலேயே கொண்டுபோய் விடுவார்கள் என்று விளக்கியும் புண்ணியமில்லை.

இந்த நிலையில்தான் ஜெசிந்தா கிளம்பினாள். துறைமுகத்து ஏற்றுமதி இறக்குமதி அலுவலகம் ஒன்றில் எனக்குப் பக்கத்து மேஜை. அவளுக்கு இசைப் பைத்தியம். எண்பது நாற்காலி போடுகிற மாதிரி ஒரு சின்ன ஹால், வாரம் ஒரு நேரடிக் கச்சேரி, வட சென்னைக்காரனும் நல்ல சவுண்டில் பாட்டு கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், ஒருநாள் வேலையை விட்டுவிட்டாள். தெருவில் பூட்டிக் கிடந்த மிளகாய் குடோனைப் பிடித்தாள். குடோன்காரர் பாய் இரண்டு நிபந்தனை போட்டார். குடோன் வாசலுக்கு எதிரே அவருடைய அக்கா வீடு, அக்காவுக்கு ரத்த அழுத்தம், அதனால் அந்தப் பக்கம் சத்தம் வரக் கூடாது. அடுத்தது, மூன்று கச்சேரிக்குள் ஹால் நிறைய வேண்டும். இல்லையென்றால் மணலியில் டேங்கர் லாரி உதிரி பாகம் விற்கிறவருக்குக் குடோன் போய்விடும். மூன்று கச்சேரியில் ஜெசிந்தாவின் வாழ்க்கை தொங்கியது.

அவள் எதையும் முறைப்படி செய்கிறவள். 'எங்கள் ஹாலில் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன?' என்று எழுதிய பெட்டியை டீக்கடையில் கட்டித் தொங்கவிட்டாள், இணையத்திலும் போட்டாள். பதில்கள் குவிந்தன. வண்டி நிறுத்த இடம் வேண்டும். கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் வேண்டும். பொன்னாடை போர்த்தக் கூடாது. பாடகர் பாட்டுக்கு நடுவில் சொந்தக் கதை பேசக் கூடாது. அடையாறிலிருந்து ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். சரியான நேரத்துக்குத் தொடங்க வேண்டும், தொடங்கியதும் கதவைச் சாத்த வேண்டும், நடுவில் திறக்கவே கூடாது, எவருடைய கைப்பேசியும் ஒலிக்கக் கூடாது.

ஒன்ஸ்மோர் அண்ணன் எழுதவில்லை, நேரில் வந்தார். வாசற்படியில் நின்றபடியே சுவரில் ஒட்டியிருந்த பஞ்சு அட்டையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மெத்த மாதிரி கீது?"

ஒரு பொட்டு சத்தம்கூட வெளியே போகாது என்று ஜெசிந்தா பெருமையாகச் சொன்னாள். வாசல் கதவு, நான்கு சுவர், பின்பக்கம் உயரத்தில் இருந்த ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்தாயிற்று என்றாள். அண்ணன் முகம் விழுந்துவிட்டது.

"பாட்டு வெளிய வரணும்மா. அத்த எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். 'இதர' என்ற தலைப்பின் கீழ்.

முதல் கச்சேரி ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. அனுமதி இலவசம். நெட்டுக்குப்பத்திலிருந்து நான்கு பேர் கொண்ட குழு. அடையாறுக்காரர் கேட்டபடி சரியாக ஆறுக்கு நானே கதவைச் சாத்தித் தாழிட்டேன். உள்ளே பதினோரு பேர். அதில் நான் ஒருவன், பாய் ஒருவர், டிரம்ஸ்காரர் வீட்டு ஆட்கள் நான்கு பேர். மிச்சத்தில் அடையாறுக்காரரும் உண்டு. பாடின பெண் பிரமாதமாகப் பாடினாள். உச்சஸ்தாயியில் மட்டும் பழைய மிளகாய் நெடி ஏறி இரண்டு முறை தும்மினாள். ஜெசிந்தா ஒவ்வொரு பாட்டுக்கும் காலி நாற்காலிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஏழரைக்குக் கதவைத் திறந்தேன். தெரு முழுக்கச் சனம். வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். சுண்டல் வண்டி வந்திருந்தது. பாயுடைய அக்காகூட வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவில் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று காதில் விழுந்தால்தான் கச்சேரி. அது விழாததால் ஒன்றரை மணி நேரமாகக் காத்திருந்திருக்கிறார்கள். முன்னால் நின்ற ஒன்ஸ்மோர் அண்ணன், கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்த பையனை நிறுத்தினார்.

"இன்னா தம்பி, எத்தினி மணிக்கு ஆரம்பிக்கப் போறீங்கோ?"

"முடிஞ்சிடுச்சுண்ணா."

"இன்னா முடிஞ்சிது?"

ஜெசிந்தா படியில் உட்கார்ந்து அழுதாள். பாய் தெருவைப் பார்த்தார், ஹாலைப் பார்த்தார். "உள்ளே பதினொண்ணு, வெளியே இருநூறு. இதுல எதைம்மா நான் ஹால்னு எடுத்துக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது கச்சேரிக்கு வாசலில் 'கச்சேரி நடைபெறுகிறது' என்று பெரிய போர்டு வைத்தோம். தெரு மறுபடியும் கூடியது, போர்டைப் படித்தது, நம்பவில்லை. "போர்டு பாடுமா நைனா?" என்று அண்ணன் கேட்டதாகவும், அதற்கு மேல் ஒருவரும் உள்ளே வரவில்லை என்றும் பிறகு தெரிந்தது. அவர் போகாத இடத்துக்கு அவர்கள் எதற்குப் போக வேண்டும்? உள்ளே முப்பது பேர் இருந்தார்கள். அன்றைக்கே மணலிக்காரர் அளவு டேப்போடு வந்து குடோனை நீளவாக்கில் அளந்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஜெசிந்தா கொதித்துப்போய், அண்ணனை இரண்டில் ஒன்று கேட்கிறேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். முனை வீடு, மாடி. கைப்பிடிக்குப் பதில் கயிறு கட்டிய ஏணி மாதிரி ஒரு படி. மேலே ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் அவர் மனைவி ரீட்டாம்மா, முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த ஜன்னலிலிருந்து தெரு, கல்யாண மண்டபம், கோயில் கொடிமரம் எல்லாமே தெரிந்தன. இந்தப் பக்கம் திரும்பினால் குடோனின் பின்சுவர்.

"நீதான் அந்த மெத்த ஒட்டுன பொண்ணா?" என்று ரீட்டாம்மா ஆரம்பித்தார். ஜெசிந்தா கொண்டுவந்த கோபம் படியிலேயே இறங்கிவிட்டது.

முட்டி தேய்ந்து ஆறு வருடமாக அவர் படி இறங்கவில்லை. அதற்கும் முன்னாலிருந்தே கூட்டத்தில் நிற்க ஆகாது என்பதால் ஜன்னலிலிருந்துதான் பாட்டு கேட்பார். பிடித்தால் துண்டை ஆட்டுவார். கீழே நிற்கிறவர் பார்த்துவிட்டுக் கத்துவார்.

"அவருக்கு இன்னா தெரியும்? சுப்ரபாதத்துக்கும் சங்குக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம். எல்லாம் என் துண்டுதான்."

மூலையில் நின்ற அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார். அவ்வளவு வருடமும் அவர் பார்த்தது வானத்தை இல்லை, இந்த ஜன்னலை. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. கெட்டிமேளத்துக்கும் துண்டு ஆட்டினீர்களா என்று கேட்டேன்.

"அது கொசு ஓட்டுனேன்" என்றார் ரீட்டாம்மா.

நான் சிரித்தேன். ஜெசிந்தா சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் குடோனின் பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அடைத்த அந்த உயர ஜன்னல் நேர் எதிரே இருந்தது.

"ரெண்டு வாரமா ஆளுங்க உள்ள போறாங்க, வெளிய வராங்க. நடுவுல நடக்கறது எனக்கு மட்டும் கெடையாது" என்றார் ரீட்டாம்மா.

அன்று மாலையே பின்ஜன்னலின் பஞ்சைப் பிய்த்தோம். பாயிடம் அனுமதி கேட்டபோது, தன் அக்கா முன்பக்கம்தானே இருக்கிறாள் என்று தோளைக் குலுக்கினார். ஒரே ஒரு சிக்கல் பாக்கி. தெரு உள்ளே வர வேண்டுமென்றால் அண்ணன் உள்ளே வர வேண்டும். உள்ளே வந்தால் துண்டு தெரியாது, வர மாட்டேன் என்றார். இரண்டு பக்கமும் தெரியாத இடத்தில் நின்று அவருக்குப் பழக்கமில்லை. வழி சொன்னது ரீட்டாம்மாதான். "மிஸ்டு கால் குடுக்கறேன், போய்த் தொல."

மூன்றாவது சனிக்கிழமை, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று பின்ஜன்னல் வழியாகச் சத்தம் போனதும் மொட்டை மாடிகளில் தலைகள் முளைத்தன. அண்ணன் தெருவைப் பார்த்துக் கையை உயர்த்தி, ஹால் பக்கம் வீசினார். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கச்சேரிக்குள் நுழைந்தார். பின்னாலேயே தெரு வந்தது. எண்பது நாற்காலியும் நிறைந்து, பாய் எழுந்து தன் நாற்காலியையும் கொடுத்தார்.

முதல் பாட்டு முடிந்ததும் நிசப்தம். அண்ணன் சட்டைப் பையில் போன் அலறியது. அடையாறுக்காரர் திரும்பி எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். அண்ணன் போனை எடுத்துப் பார்த்தார், வெட்டினார், எழுந்து நின்றார். விரல் சுற்றியது.

"ஒன்ஸ்மோர்."

ஐந்தாவது பாட்டு முடிந்தபோது போன் அடிக்கவில்லை. இந்தமுறை அடையாறுக்காரர்தான் கவலையோடு திரும்பி அண்ணனின் சட்டைப் பையைப் பார்த்தார்.

ஹால் இன்றும் நடக்கிறது. 'கைப்பேசியை அணைக்கவும், ஒன்ஸ்மோர் அண்ணன் நீங்கலாக' என்று வாசலில் எழுதியிருக்கிறது. நான் இப்போது வேளச்சேரிக்குக் குடிவந்துவிட்டேன். இங்கே ஹால்கள் அருமையாக இருக்கின்றன. ஏசி இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, பாட்டு முடிந்ததும் அளவாகக் கைதட்டுகிறார்கள். நான் மட்டும் உடனே தட்டுவதில்லை. எங்காவது ஒரு போன் அடிக்காதா என்று கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன்.