மாமரத்தடி இலைச்செடிகள் பற்றி மருமகனுக்கு

சாய்ந்தமருது,
வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின்.

கண்ணியத்துக்குரிய மருமகன் நளீம் அவர்களுக்கு, மாமா அப்துல் ஸமட் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உங்கள் மனைவி பஸ்லியா, மாமி சபூறா, நான், மூவரும் அல்லாஹ்வின் அருளால் சுகம். கட்டார் வெயிலில் நிற்கிற உங்களுக்கும் அவன் சுகத்தைத் தரட்டும். போனில் சொல்லாமல், அங்கே வருகிற நிப்றாஸின் கையில் கடிதம் கொடுத்தனுப்பக் காரணம், நான் போனில் கதைத்தால் தெரு முழுக்கக் கேட்கும்.

விஷயம், லீவு முடிந்து போகையில் மாமரத்தடியில் நீங்கள் நட்டுவிட்டுப் போன செடிகள். பூவுக்காக இல்லை, இலைக்காக வைப்பது, நிழலிலேயே நிலத்தோடு படரும், வருஷக்கணக்கில் நிற்கும் என்றீர்கள். உண்மைதான், மகன். சிவப்பு நரம்போடிய ஒன்று, வெள்ளிக் கோடு போட்ட ஊதா ஒன்று, கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் மரத்தடியைக் கூட்டக்கூடாது, சருகு கிடந்தால்தான் ஈரம் நிற்கும் என்று ஒரு சட்டமும் போட்டுவிட்டுப் போனீர்களே, அதில்தான் அகப்பட்டோம். விடியச் சுபஹு தொழுத கையோடு மணல் முற்றத்தைக் கூட்டி, விளக்குமாற்றுக் கோடு தெரியாவிட்டால் இந்த ஊரில் அது வீடா? உங்கள் மாமி முப்பது வருஷமாய் அந்தக் கோட்டில் பிழை விடாதவ. மருமகன் சொல் என்று மரத்துக்கு நாலு முழம் தள்ளி விளக்குமாற்றை நிறுத்திக்கொண்டா. முதல் கிழமை, சபூறாவுக்குச் சுகமில்லையாக்கும் என்று அடுத்த வீட்டு உம்மு கஞ்சி கொண்டுவந்தா. நாங்களும் குடித்தோம். இரண்டாம் கிழமை கோழி சருகுக்குள் முட்டையிட, எடுக்கப் போன நான் வழுக்கி முட்டையின் மேலேயே உட்கார்ந்தேன். மூன்றாம் கிழமை ஊரில் கதை மாறிற்று, நளீம் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாராம், அந்தத் துக்கத்தில் பொஞ்சாதி வீட்டில் முற்றம் கூட்டவும் ஆளில்லையாம். நேற்றுப் பின்னேரம் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் நிருவாகத்து மரைக்கார் ஸைனுலாப்தீன் இரண்டு பேரோட வந்து சமாதானம் கதைக்கக் கதிரையில குந்திட்டாரு. நான் செடியைக் காட்டுறன், அவரு சருகைத்தான் பாக்காரு. "ஸமட், மறைக்காமச் சொல்லுங்க, மருமகனோட என்ன பிரச்சினை?" எண்டு கேக்காரு. தேத்தண்ணி குடிச்சு முடியும்வரை அவரு நம்பல்ல.

அதனால மகன், உங்கட மாமி வாய் திறக்கமாட்டா, மனசுக்குள்ள வெந்துபோறா. அவக்காகத்தான் கேக்கன். நீங்க ஒரு சொல் சொன்னா செடியெல்லாத்தையும் சட்டியில மாத்திக் கிணத்தடியில வெச்சிட்டு, முத்தத்தைப் பழையபடி கூட்டிரலாம். இன்னொண்டு, நீங்க எங்களோட கோவமில்லைதானே? மரைக்கார் கேட்டதில இருந்து எனக்கும் ஒரு பயம்.

உங்கள் உழைப்பில் பரக்கத்தும், திரும்பி வரும் வழியில் ஸலாமத்தும் வேண்டி துஆச் செய்யும்,
மாமா அப்துல் ஸமட்.

பி.கு: உறையை ஒட்ட முதல் இதை உங்கள் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். மீன் வெட்டின கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னா: "மாமியா இருந்துக்கிட்டு அந்தப் புள்ளட முகம் பாத்து ஒரு வார்த்தை நான் கதைச்சதில்ல. இப்ப காலையில போய் அந்த எலையளோடதான் கதைச்சிக்கிட்டிரிக்கன். அதப் புடுங்கச் சொல்லி ஆரு உங்களக் கேட்ட?" ஆகவே மேலே எழுதினது ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கடிதத்தைக் கிழிக்கவும் விடுகிறா இல்லை, முறைப்பாடு யாருடையது என்று மருமகனுக்குத் தெரியட்டுமாம். சிவப்பு நரம்புச் செடி பொழுதுபட்டு மஃரிபானால் இலையை மடித்து நிமிர்ந்து நிற்கிறதே, அதுக்குச் சுகமில்லையா என்று கேட்கச் சொன்னா. உங்களிடம் அவ கேட்கிற முதல் கேள்வி இது, மகன். மறுமொழியை எனக்குச் சொல்லவேண்டாம், அவவுக்கே சொல்லுங்கள்.