அம்மாமார் பரணி

வியாசர்பாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் உதித்தவளும், முழங்கையாலேயே பேருந்துக் கூட்டத்தைப் பிளந்து திருவொற்றியூர்க் கல்லூரி சேர்பவளும், கண்டெய்னர் லாரிகள் கக்கும் கரும்புகையையே வெண்சாமரமாய்க் கொண்டவளும், மூன்றாமாண்டு பி.காம். வகுப்பின் தலைவியுமாகிய யசோதரா வாழி. அவள் துப்பட்டா வாழி. அதை அடிக்கடி கவ்வியிழுத்த பேருந்துப் படிக்கட்டும் ஒருவாறு வாழி.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் பங்குனி வெயிலில், பட்டம் பெறப் போகிறவர்களுக்கு ஒரு பார்ட்டி வேண்டுமெனக் கல்லூரிக் கேண்டீனில் பேரவை கூடியது. தேர்வு இன்னும் எழுதவில்லை. பலருக்கு அரியர் இருந்தது. ஆயினும் வானில் எறிவதற்குக் கறுப்புத் தொப்பி எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று விசாரிக்குமளவு அவர்தம் தொலைநோக்கு விரிந்திருந்தது.

எதிரணித் தலைவன் ஜெஸ்வின். ராயபுரத்துப் புளி மொத்த வியாபாரக் குடும்பத்தின் தலைமகன். வகுப்பில் செல்போன் உடைய ஒரே வேந்தன். யாரும் அழைக்காத அக்கருவியைக் காதில் ஏந்தியபடியே அவன் முழங்கினான்: "ஏசி ஹால், டிஜே, நம்ம மட்டும். பேரண்ட்ஸ் யாரும் வரக் கூடாது. வந்தா மானம் போயிடும்."

பெற்றோரைக் கண்டால் பறந்துவிடும் அத்தகு மென்மையான மானத்தை உடைய வீரர்கள், அதே பெற்றோர் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, கடலலை போல் கைதட்டினர்.

யசோதரா எழுந்தாள். அவள் தாய் பூவம்மா எண்ணூரில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் துலக்குபவர். நாள்தோறும் அக்கல்லூரியைப் பேருந்து ஜன்னல் வழியே கடந்தும், இத்தனை காலத்தில் அவர் கண்டது இரும்புக் கேட்டையும் அதன் வாட்ச்மேனையும் மட்டுமே. "உள்ளார எப்டிமே கீது?" என்று அடிக்கடி கேட்பார். "எல்லா காலேஜும் மாதிரிதாம்மா" என்பாள் மகள். வேறெந்தக் கல்லூரியையும் பார்த்திராதவருக்கு அது பதிலே அல்ல என்பது சொன்ன பிறகே அவளுக்கு உறைக்கும்.

"எங்கம்மா வரும்," என்றாள் யசோதரா. "அது வராத பார்ட்டி எனக்கு வாணாம்."

"அப்ப நீயும் வராத," என்றான் ஜெஸ்வின்.

"ரெண்டு பார்ட்டியா வெச்சிக்கலாம் மாமு," என்று சமாதானத் தூதனாய் இடைபுகுந்த லியாகத் அலி, இருதரப்புக் கணைகளாலும் தைக்கப்பெற்று, டீ வாங்கப் போய்விட்டான். வாக்கெடுப்பில் ஜெஸ்வின் பக்கம் கைகள் மூங்கிற்காடென எழுந்தன. யசோதராவின் பக்கம் அவள் கை மட்டுமே தனிக்கொடியாய் நின்றது. உயிர்த்தோழி ராமசெல்வி தலை சொறிவது போல் அரைக்கை தூக்கி, நட்பையும் காத்தாள், ஏசியையும் காத்தாள்.

தோற்றவள் வாளா இருக்கவில்லை. அன்று மாலையே ராயபுரம் புகுந்தாள். மூட்டைகள் குன்றெனக் குவிந்த மொத்தக் கடையில், கல்லாவில் வீற்றிருந்த ஜெஸ்வினின் தாய் ஞானபாக்கியத்திடம் கால் கிலோ புளி கேட்கும் பெருந்துணிவு அவளிடம் இருந்தது.

"ஆன்ட்டி, எங்க பார்ட்டிக்கு அம்மா, அப்பா யாரும் வரக் கூடாதுன்னு ஜெஸ்வின் ரூல் போட்டுட்டான். சொந்த அம்மாவையே வாணான்னுட்டான், எவ்ளோ கண்டிப்பு பாருங்க," என்று புகழ்வது போல் ஓர் அம்பை எய்தாள்.

தூத்துக்குடிக் கடற்காற்றைக் குரலில் கொணர்ந்திருந்த அம்மாதரசியின் தராசு பாதியில் நின்றது. குடோனிலிருந்து மகன் வரவழைக்கப்பட்டான்.

"ஏல, என்னையக் கண்டா ஒனக்கு மானம் போவுதோ? மூணு வருசமா ஃபீஸ் வாங்கிட்டுப் போனியே, அப்ப எங்கல போச்சு அந்த மானம்?"

மூட்டை சுமந்தோர் சுமையிறக்கி வைத்துக் கேட்டனர். செல்போன் முதன்முறையாக உண்மையிலேயே ஒலித்தது. எடுப்பாரில்லை.

மறுநாள், பெற்றோரை அழைப்பதே தமிழர் பண்பாடு என்றும், அது தன் நெடுநாளைய கருத்து என்றும் ஜெஸ்வின் அறிவித்தான். முதல் நாள் எதிர்த்துக் கைதூக்கிய அத்தனை பேரும் இப்போது ஆதரித்துக் கைதூக்கினர். கைகளுக்கு அது பழகிவிட்டிருந்தது.

வெற்றிக்கும் விலை உண்டாயிற்று. பார்ட்டியின் ஆட்சியை ஞானபாக்கியம் கைப்பற்றினார். "பிள்ளைங்க படிச்ச எடத்தைத்தாம்ல நாங்க பாக்கணும்," என்ற ஒற்றை ஆணையில் ஏசி ஹால் சரிந்தது. கல்லூரி வகுப்பறையே களமாயிற்று. அவர் விதித்த தொடக்க ஜெபத்தின் முன் டிஜே மாண்டார். பட்டதாரிகளாகவிருந்த படையினர் அனைவரும் பரிமாறும் பணிக்கு இறக்கப்பட்டனர்.

விழா நாளில், சாம்பார் வாளியும் கையுமாய் யசோதரா கேட்டருகே காத்து நின்றாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களோடு பூவம்மா வந்திறங்கினார். வாட்ச்மேன் கை நீட்டி மறித்தார்.

"யாரும்மா நீ?"

"பி.காம் யசோதரா கீதே, அத்தோட அம்மா."

கை இறங்கியது. கோட்டை வென்ற பேரரசி போல், யானையும் முரசும் இல்லாக் குறையொன்றே குறையாக, நெடுந்தாழ்வாரம் கடந்து, கரும்பலகையையும் சுவரில் கீறிய பெயர்களையும் ஒவ்வொன்றாய் நின்று நோக்கி, வாளியை மறந்து பின்தொடர்ந்த மகள் காட்டிய அவளது இடத்தை அடைந்தார் பூவம்மா.

உட்கார்ந்து, ஃபேன் போடச் சொன்னார்.