எவர்கிரீன் டெய்லர் குறைத்த பதினாறு வயது

பெரிய தொப்பையோடு உள்ளே போனவர் சின்னத் தொப்பையோடு வெளியே வருகிற கடை, செங்கல்பட்டிலேயே ஒன்றுதான் இருந்தது. எவர்கிரீன் டெய்லர் கடை. கடைக்காரரையும் எவர்கிரீன் என்றே கூப்பிடுவோம்.

நாற்பது அங்குல இடுப்பை டேப்பால் வளைத்து, "முப்பத்தாறு சார்!" என்று தெருவே கேட்கிற மாதிரி சொல்வார். நோட்டில் சத்தமில்லாமல் நாற்பது என்று எழுதிக்கொள்வார். பேன்ட் கச்சிதமாக வரும். நாமும் இளைத்துவிட்டதாக நம்பி, வழியில் இரண்டு போண்டா கூடுதலாகத் தின்போம்.

இதே கைவரிசையைத் தன் வயதிலும் காட்டினார். சாயம் போட்ட மீசை, பூப்போட்ட சட்டை. தொண்ணூற்று நாலில் வயது கேட்டேன். "நாப்பத்தெட்டு" என்றார். ஐந்து வருடம் கழித்துக் கேட்டேன். "நாப்பத்தொம்போது முடியப் போவுது சார்" என்றார். சதுரங்கப்பட்டினத்து மீன்கார வீட்டில் பெண் கேட்கப் போனபோதே பத்து வயதைக் குறைத்தவர். குறைத்துக் குறைத்து ருசி கண்டுவிட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், ஒரு காலர் தைப்பதற்குள் மூன்று முறை ஒன்றுக்குப் போகக் கொல்லைப்பக்கம் ஓட ஆரம்பித்தார். நான்தான் டாக்டரிடம் இழுத்துப் போனேன். ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று ரத்தத்தைப் பார்க்கச் சொன்னார் டாக்டர். லேப் சீட்டில் வயது என்ற இடத்தில் எவர்கிரீன் தயங்காமல் ஐம்பத்துநாலு என்று எழுதினார்.

முடிவு வந்த அன்று அவர் மனைவியும் கூட வந்தார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். டாக்டர் தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"வயசு ஏற ஏற இந்த அளவு தானாவே கொஞ்சம் ஏறும். ஆனா ஐம்பத்துநாலு வயசுக்கு இது அதிகம். ஊசி விட்டு சதை எடுத்துப் பார்த்துடலாம்."

ஆயுசு முழுக்க ஊசியோடு பிழைத்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "புத்துநோயா சார்?" என்றார். அதைக் கேட்டதும் எவர்கிரீனுக்குத் தாங்கவில்லை.

"சார், வயசுல கொஞ்சம் கொறச்சி எழுதிட்டேன்."

"எவ்வளவு?"

"பதினாறு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எழுபதா! எழுபதுக்கு இது பயப்படற அளவு இல்லய்யா. இப்போதைக்கு ஊசி வேணாம். மூணு மாசம் கழிச்சு மறுபடியும் ரத்தம் கொடுங்க. வயசையும் ஒழுங்கா கொடுங்க."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எவர்கிரீன் பக்கம் திரும்பினார்.

"யோவ், எனுக்கு அம்பத்தெட்டு. உன் கணக்குல நான் உன்னவுட நாலு வயசு பெரியவளா பூட்டேன். ஒரு வார்த்த கேட்டனா? சந்தோசமா கீறியேன்னு வுட்டேன். இன்னிக்கி அதால உசுரே பூடும் போலக் கீதே!"

மூன்று மாதம் கழித்து அளவு ஏறாமல் அப்படியே இருந்தது. அந்த நோய் கடைசிவரை அவர் பக்கம் வரவில்லை. எண்பதைத் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் எனக்கும் அதே ரத்தப் பரிசோதனை. என் வயதை ஒரு நாள்கூடக் குறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். திரும்பும் வழியில் பேன்ட்டுக்கு அளவு கொடுக்கப் போனால், புது டெய்லர் "நாப்பத்திரண்டு" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். எவர்கிரீன் இருந்திருந்தால் "முப்பத்தெட்டு சார்!" என்றிருப்பார். அந்தப் பொய்யை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று இருந்தது.