பூர்வீகம் வாய் திறந்த நாள்

கொடைக்கானலில் குளிருக்குப் பயப்படாதவர்கள் உண்டு. பூர்வீகத்துக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது.

நான் வேலை பார்க்கும் லாட்ஜின் ரிசப்ஷன்காரர் அவர். பூர்வீகம் என்பது ஊர் வைத்த பெயர். அறை கேட்டு வருகிறவர் ஆதார் கார்டை நீட்டினால் சாவியைத் தேடமாட்டார்; பெயரின் வாலைத் தேடுவார். மராத்திக்காரர் பெயர் ‘கர்’ என்று முடிந்தால் போதும். “அதுக்கு முன்னாடி இருக்குறது ஒங்க பாட்டன் ஊருங்க. ஏன் விட்டுட்டு வந்தாங்க? பஞ்சமா, பங்காளிச் சண்டையா?” என்று பிடித்துக்கொள்வார். பெயர் ‘வாலா’ என்று முடிந்த ஒரு தம்பதியிடம், அவர்களுடைய முப்பாட்டன் என்ன சரக்கு விற்றார் என்று விளக்கி முடிப்பதற்குள் குழந்தை சோபாவிலேயே தூங்கிவிட்டது. பாதி தப்பாகத்தான் சொல்வார். ஆனால் சொல்கிற தோரணையில் யாருக்கும் எதிர்த்துப் பேச வாய் வராது.

தமிழர்கள் வந்தால் மட்டும் முகம் வாடிவிடும். “நம்ம ஆளுங்க மொத்த வம்சத்தையும் ஒத்த இனிஷியல்ல சுருட்டி வெச்சுட்டாங்களே!” என்று புலம்பிவிட்டு, வகையறாப் பெயரைக் கேட்டுக் குடைவார். எங்கள் அட்டுவம்பட்டி மாதிரி மலைக் கிராமங்களில் வகையறா விளையாட்டு விஷயமில்லை. ஒரே வகையறா என்றால் பங்காளி. பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியாது. அதனால் சம்பந்தம் பேசுகிறவர்கள்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள்.

எனக்கும் வில்பட்டிக் கவிதாவுக்கும் நிச்சயம் செய்ய நாள் குறித்தார்கள். காதல் கல்யாணம். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போயிருந்தது. அப்பா பூர்வீகத்தையும் அழைத்துவிட்டார் என்று தெரிந்ததும் மீதி உயிரும் ஆட்டம் கண்டது. ஜீப்பில் போகும்போதே, “அண்ணே, அங்க போய் யாரையும் எதுவும் கேக்காதீங்க” என்று கும்பிட்டேன்.

“ஏலே, எனக்கு எதுக்கு அந்தச் சோலி? கேசரியத் தின்னுட்டு வந்துருவேன்.”

கேசரி வருவதற்கு முன்பே கேட்டுவிட்டார். கவிதாவின் அப்பா, “நாங்க உப்புமூட்டை வகையறாங்க” என்றார். நாங்கள் மொட்டப்பாறை வகையறா. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். பூர்வீகம் துள்ளி எழுந்தார்.

“அட! கீழ இருந்து உப்புமூட்டை தூக்கிட்டு வந்தவங்க மொதல்ல எறக்கி வெச்ச எடமே மொட்டப்பாறைதானுங்களே! ரெண்டும் ஒரே வகையறாங்க!”

கண்டுபிடித்த சந்தோஷத்தில் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. “அப்ப அண்ணன் தங்கச்சி மொறையில்ல ஆகுது!” என்று கவிதாவின் அத்தை வெற்றிலைத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவோரம் நின்ற கவிதா என்னையே பார்த்தாள்.

பூர்வீகமும் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

“ஐயா, நான் சொன்னத நம்பாதீங்க. லாட்ஜுல பொழுது போகாம அளந்து விடுறவன் நான். எங்க தாத்தா சிலோன் தோட்டத்துக்குப் போனவரு. எந்த ஊருல இருந்து போனாருன்னு திரும்பி வந்த எங்கப்பாவுக்கே தெரியல. சொந்தப் பூர்வீகம் தெரியாதவன் பேச்சக் கேட்டா புள்ளைகளப் பிரிப்பீங்க? ரெண்டு வீட்டுக்கும் கொலசாமி எதுன்னு கேளுங்க, அதுதான் சரி.”

இத்தனை வருடம் கூட வேலை பார்த்த எனக்கே தெரியாத சேதி அது. குலசாமி எதுவென்று கேட்டார்கள். அவர்களுக்கு வேறு, எங்களுக்கு வேறு; அப்படியென்றால் பங்காளி இல்லை. தட்டு வெளியே வந்தது. கூட்டத்தில் யாரோ, “பூர்வீகத்துக்கே பூர்வீகம் தெரியலையாம்!” என்று சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கேசரியை மட்டும் தொடவில்லை. எனக்கு அழுகை வந்தது.

கல்யாணப் பத்திரிகையில் அப்பா அவரைப் பெரியப்பா வரிசையில் சேர்த்தார். உறவினர் பெயருக்குப் பக்கத்தில் ஊர் போடுவது வழக்கம். “இவருக்கு எந்த ஊருங்க?” என்று அச்சகத்தில் கேட்டார்கள்.

“அட்டுவம்பட்டின்னு போடுங்க,” என்றேன். “எங்க வீடுதான்.”