சம்பந்தி வீட்டுப் பூமி

“ஈர்ப்பு விசைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது” என்று சொல்லிவிட்டு, வருங்காலச் சம்பந்தி பிஸ்கட்டை டீயில் முக்கினார்.

முக்கிய பாதி ஒடிந்து கோப்பையின் அடியில் போய் உட்கார்ந்தது.

“பாத்தீங்களா? டீயை விட பிஸ்கட்டுக்கு அடர்த்தி ஜாஸ்தி. அதான் மூழ்கிடுச்சு. பூமி எங்கேர்ந்து வந்து இழுத்துச்சு?”

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஊரில் பாதிப் பேர் அந்த அம்மாவிடம் பௌதிகம் படித்தவர்கள். பல் டாக்டர்கூட அவரை வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் மரியாதையாக ஒரு தரம் எழுந்து நிற்பார். அப்பேர்ப்பட்டவர், சொந்த வீட்டுச் சோபாவில், ஒரு பேக்கரி முதலாளியிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் மகளுக்காக. பேக்கரிக்காரரின் பையனும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்பி, இன்றுதான் இரண்டு குடும்பமும் முதல்முறை சந்திக்கின்றன. காலையிலேயே மகள் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள்.

“அம்மா, அவங்க வீட்டுல பூமி தட்டையாம்.”

“என்னது?”

“தட்டைம்மா. அதைப் பத்தி மட்டும் மறுத்துப் பேசிடாதீங்கன்னு அவர் சொல்லியிருக்கார். பேசினா எல்லாம் கெட்டுடும். நீ சும்மா தலையை ஆட்டு, போதும்.”

டீச்சர் ஆட்டிக்கொண்டுதான் இருந்தார். கழுத்து வலித்தது.

“பலூன் ஏன் மேல போகுது?” என்றார் சம்பந்தி. “காத்தை விட லேசு. கல்லு ஏன் கீழ வருது? காத்தை விட கனம். அவ்வளவுதான் விஷயம்!”

நுணலும் தன் வாயால் கெடும்.

“ஏன் கீழ வரணும்?” என்று டீச்சரின் வாய் தானாகத் திறந்துகொண்டது. “பக்கவாட்டுல போகலாமே? அடர்த்திக்குக் கண்ணா இருக்கு, எது மேல எது கீழன்னு பாத்துப் போக? இழுக்கற ஒண்ணு இருந்தாத்தான் சார் ‘கீழ’ங்கற பேச்சே வரும். பூமி காத்தைத் தன் பக்கம் இழுக்குது. அந்தக் காத்து நெருக்கித் தள்ளறதாலதான் பலூனே மேல போகுது!”

மகள் கண்ணாலேயே எரித்தாள். கணவர் இருமினார். மாப்பிள்ளைப் பையன் தரையில் எதையோ தேடினான்.

சம்பந்தி மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

கிண்டல் செய்கிறார் என்று டீச்சருக்குப் பட்டது. சுருக்கென்றது. சம்பந்தியின் மனைவியோ ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். பாவம், வாயில்லாப் பூச்சி, இந்த மனுஷனோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாரோ என்று டீச்சர் உள்ளுக்குள் இரக்கப்பட்டார்.

“காகிதம் ஏன் மெதுவா விழுது? லேசு, அதானே?” என்று சம்பந்தி மறுபடி கிளறினார்.

இதற்கு மேல் எந்த ஆசிரியை பொறுப்பாள்? டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு தடித்த அகராதியை எடுத்தார். அதன் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கையை விட்டார். இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

“பாருங்க! காகிதத்தோட அடர்த்தி மாறலையே. காத்துத் தடுக்கலை, அதான் புத்தகத்தோடயே வந்துடுச்சு!”

வந்தது சரிதான். வந்து இறங்கிய இடம் பிஸ்கட் தட்டின் விளிம்பு. தட்டு எகிறிக் கோப்பையைத் தட்ட, டீ மொத்தமும் சம்பந்தியின் வெள்ளைச் சட்டையில்.

“ஐயோ!” என்று எல்லாரும் எழுந்தார்கள். கணவர் ஓடிப்போய்த் தன் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் சம்பந்தியின் தோள் நுழைந்தது, வயிறு நுழையவில்லை. கடைசி மூன்று பொத்தானும் அனாதையாகத் தொங்கின. உதவப் போய் அவரை இன்னும் கேவலப்படுத்திவிட்டோமே என்று கணவர் நெளிந்தார்.

ஆனால் சம்பந்தி விடுவதாக இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

“இதெல்லாம் பத்தாது டீச்சரம்மா. யாரும் மறுக்க முடியாத மாதிரி ஒண்ணு காட்டுங்க.”

“அம்மா, வேண்டாம்” என்றாள் மகள்.

அதற்குள் டீச்சர் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஊசியால் துளை போட்டுவிட்டார். அதில் தண்ணீர் நிரப்பி, துளையை விரலால் அடைத்தபடி பால்கனிக்கு நடந்தார். “நீங்க கீழ போய் நின்னு பாருங்க சார். விரலை எடுத்தா ஓட்டை வழியாத் தண்ணி பீச்சும். பாட்டிலையே விட்டா, விழற வரைக்கும் ஒரு சொட்டு வராது. பாட்டிலும் தண்ணியும் சேர்ந்தே விழும். தண்ணி வெளிய வர அடர்த்திதான் காரணம்னா, அது ஏன் நடுவுல நிக்கணும்?”

சம்பந்தி மனைவியைப் பார்த்தார். “நீயும் வாயேன்.”

“இன்னொரு தரம் மாடிப்படி ஏற எனக்கு ஆகாது” என்று ஊசியை நகர்த்தினார் அந்த அம்மா.

சம்பந்தி மட்டும் இறங்கினார். டீச்சர் விரலை எடுத்தார். தண்ணீர் பீச்சியது. கையை விட்டார். பீச்சல் சட்டென்று நின்றது. என்ன அழகு! எத்தனை வகுப்பில் செய்து காட்டியும் அந்த ஒரு நொடிக்கு டீச்சருக்கு இன்னும் மயிர்க்கூச்செறியும். பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது.

டமார்!

சம்பந்தியின் புத்தம்புதுக் கார். பானெட்டின் நடுவில் ஒரு பள்ளம். சம்பந்தி வாயைப் பிளந்தபடி, காரைப் பார்க்காமல், மேலே டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“போச்சு” என்று மகள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் அழுதாள்.

நியூட்டன் பக்கம் நின்று வாதாட ஊரில் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். இந்தப் பெண்ணுக்கு இருப்பது ஒரே அம்மா. படியில் காலடி ஓசை கேட்டபோது டீச்சர் முடிவு செய்துவிட்டார்.

சம்பந்தி மூச்சு வாங்க உள்ளே வந்தார். வாயைத் திறக்கப் போனவரை டீச்சர் முந்திக்கொண்டார்.

“சார், மன்னிச்சுக்குங்க. நீங்க சொன்னதுதான் சரி. ஈர்ப்பு விசையும் இல்லை, ஒண்ணும் இல்லை. எல்லாம் அடர்த்திதான். பூமி தட்டை.”

சொல்லி முடித்ததும் மகள் எழுந்து வந்து தோளைக் கட்டிக்கொண்டு, “அம்மா!” என்றாள். தோற்றுப்போய்க்கூட ஒருத்தி இப்படித் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. அந்தப் பெருமை டீச்சரின் முகத்தில் பளபளத்தது.

சம்பந்தியின் முகத்தில் ஈயாடவில்லை.

“டீச்சரம்மா… நீங்களுமா?” என்றார். குரல் உடைந்திருந்தது. “அந்தத் தண்ணி நின்னுச்சே… என் ரெண்டு கண்ணால பாத்தேனே…”

“அதெல்லாம் கண் கட்டு வித்தை சார்.”

அவர் சோபாவில் பொத்தென்று விழுந்தார். ஜன்னலோரத்தில் ஊசிகளின் ஓசை நின்றது. அவருடைய மனைவி ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

“என்னங்க, நான் கேக்கச் சொன்ன கேள்வியெல்லாம் கேட்டுட்டீங்கல்ல? டீச்சரே ஒத்துக்கிட்டாங்க. இனிமேலாவது வீட்டுல பூமி உருண்டை, உருண்டைன்னு என் உயிரை வாங்காதீங்க!”