சப்பாத்துக் கழற்றும் இடம்

யோகலிங்கம் ஒற்றைக் காலில் நின்று சப்பாத்தைக் கழற்றினார். தடுமாறி ஊன்றிய கை, ஈரத்துணி போர்த்தியிருந்த எதிலோ பொதுக்கென்று இறங்கியது.

மனைவி சிவகௌரியின் மண்!

பெற்றோல் நிலைய வேலை முடிந்து எண்ணெய்ச் சப்பாத்தோடு எப்போதும் பின்கதவால்தான் வருவார். "இண்டைக்கெண்டாலும் முன்வாசலாலை வாங்கோ" என்று மனைவி காலையில் கெஞ்சியிருந்தாள். சொல்கேட்டதற்கு இதுதான் பலன்.

துணியை விலக்கினார். முக்காலியில் ஒரு மண் உருவம். பானையுமில்லை, பதுமையுமில்லை. ஆனால் இல்ஃபோர்டில் அவள் போகும் மண்சிற்ப மாலை வகுப்பில் இருபது பேரில் கண்காட்சிக்குத் தெரிவானது அது ஒன்றுதான். நாளை வண்டியில் ஏற்றிப்போய், காயவைத்துச் சுடுவார்கள்.

தண்ணீர் தொட்டுத் தடவினார். விரல் பதிந்த இடம் குழியானது. பக்கத்து மண்ணை வழித்து நிரப்பினார். பக்கம் ஒடுங்கியது. விளக்கைப் போட்டால், சுற்றிவர இன்னும் பதினைந்து பள்ளங்கள்!

"கடவுளே, ஒருக்கா ஊண்டினதுக்கு முழுக்க நெளிஞ்சு போச்சே!"

எந்நேரமும் யாராவது வந்துவிடுவார்கள். இரண்டு கிழமையாக வீட்டில் ஒரே தேநீர் விருந்து. கண்டாலே முகம் திருப்பும் சிவனேஸ்வரியைக்கூட மனைவி அழைத்திருந்தாள்.

கட்டட வேலை செய்யும் பாலேந்திராவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சுவர் பூசுற மாதிரித்தான் மச்சான். தட்டகப்பையை நனைச்சு, மேலையிருந்து கீழை இழு."

"தோசை திருப்புறதோ?"

"வேறை என்ன, மண்வெட்டியோ வைச்சிருக்கிறாய்?"

அரை மணியில் உருவம் மொட்டைத் தலைபோல மினுங்கியது.

கதவு திறந்தது. சிவகௌரியும் வகுப்புத் தோழி இம்மாகுலேற்றும்.

"என்னப்பா, முகமெல்லாம் மண்?"

"கோவிக்காதையும் கௌரி. சப்பாத்துக் கழட்டேக்கை தெரியாமல் கை ஊண்டிப்போட்டன்."

"நீங்களும் ஊண்டினீங்களோ?" அவள் முகம் மலர்ந்தது.

"பயப்பிடாதையும். இப்ப ஒரு பள்ளமும் இல்லை, பாரும்."

பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிக் குனிந்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இம்மா, எல்லாருக்கும் திரும்பவும் போன் எடு."

இம்மாகுலேற் தொலைபேசியைத் தூக்கினாள். "சிவனேஸ்வரியக்காவோ? பின்னேரம் இன்னொருக்காத் தேத்தண்ணிக்கு வாங்கோ. சப்பாத்துக் கழட்டேக்கை மண்ணிலை நீங்கள் ஊண்டின கையடையாளத்தைத்தான் கௌரியக்கா கண்காட்சிக்கு வைக்க இருந்தவ. அண்ணை எல்லாற்ற கையையும் துப்புரவா அழிச்சுப்போட்டார்!"