சில்வியாவின் வலை நிறைய வேண்டி

எனக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் தோணியில் மாலத்தீவு வரைக்கும் போய் வந்த மனுஷன். அவர் சொல்வதையே நான் கேட்பதில்லை. யாராவது வழி கேட்டால், தெரியாத தெருவுக்கும் கையை நீட்டி வழி சொல்லிவிடுவேன். (அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. ஆகவே சரியாகத்தான் சொல்லியிருப்பேன்.) இந்த வியாதியால் ஒரு கால்பந்து மைதானமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அதைத்தான் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். மெதுவாக வாசியுங்கள், எனக்கும் அவசரமில்லை.

என் தம்பிக்குப் புன்னைக்காயலில் கடல் தொழில். அவன் மகள் சில்வியா, கல்லூரியில் படிப்பதற்காக மில்லர்புரத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். கல்லூரிப் பெண்களின் கால்பந்து அணியில் அவள்தான் கோல்கீப்பர். கடைசி வருஷம் அவர்கள் அணி அரையிறுதிக்கு வந்துவிட்டது. அந்த ஆட்டத்தைப் பார்க்க, பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிற டீச்சர் ஒருவர் வருகிறார் என்று பேச்சு. அவர் கண்ணில் பட்டு அந்த அணியில் சேர்ந்துவிட்டால், பிறகு விளையாட்டுக் கணக்கில் அரசு வேலைக்குப் போகலாமாம். தம்பி தினமும் போனில் கேட்பான்: "அக்கா, பிள்ள நல்லா நிப்பாளா?"

"நிப்பா, நிப்பா" என்பேன். எங்கே நிற்பாள், எதற்கு நிற்பாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சில்வியாவின் சிநேகிதிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி ஜெனோவா, எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். இன்னொருத்தி முத்துலட்சுமி, பக்கத்துப் புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இருவருக்கும் பந்தை உதைக்கத் தெரியாது. ஆனால் எப்படி உதைக்க வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும் என்பது ஆடுகிறவர்களைவிட இவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அணி எந்த ஊருக்குப் போனாலும் கத்துவதற்குக் கூடவே போவார்கள்.

நான் அடுப்படியில் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து என் பாத்திரங்களை இறக்கினார்கள். அரிசி புடைக்கிற சுளவைச் சுவரில் சாய்த்து, "இதுதான் நம்ம வலை" என்றாள் ஜெனோவா. அதற்கு முன்னால் உப்பு ஜாடி. அது சில்வியாவாம். ஜாடிக்கு முன்னால் நான்கு காப்பி டம்ளர்கள், அவை தடுப்பாட்டக்காரிகள். எதிரணிக்குச் சின்ன வெங்காயம். நடுவில் ஒரு பெரிய பல்லாரி வெங்காயம்.

"இவதான் அவங்க பத்தாம் நம்பர்" என்று பல்லாரியைத் தூக்கிக் காட்டினாள் ஜெனோவா. "இவள அசைய விடக்கூடாது. நம்ம ஆளு ஒருத்தி கூடவே ஒட்டிக்கிட்டுத் திரியணும். தண்ணி குடிக்கப் போனாலும் கூடப் போணும்."

"ஆளு பின்னால போனா இடம் காலியாயிரும்ளா" என்றாள் முத்துலட்சுமி. "அவ நம்ம ஆள அங்கிட்டு இழுத்துட்டுப் போயிருவா. இங்கன ஓட்ட விழுந்துரும். அவங்கவங்க இடத்த அவங்கவங்க பாத்தாப் போதும்."

"இடத்தப் பாத்துட்டு நின்னா பல்லாரி நடுவுல பூந்து வந்துருவாளா இல்லையா?"

"நாலு டம்ளரும் ஒண்ணா முன்ன ஏறிட்டா? பல்லாரி பின்னால தனியா மாட்டிக்கிடுவா. லைன் ரெஃப்ரி கொடியத் தூக்கிருவாங்க."

தடுக்கிறவள் எதற்கு முன்னால் ஓட வேண்டும், பின்னால் நிற்பது ஒரு குற்றமா, கொடியைத் தூக்கினால் யாருக்கு என்ன என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆளா, இடமா என்று சண்டை மட்டும் வலுத்தது. சில்வியா உப்பு ஜாடியைத் திருகிக்கொண்டிருந்தாள். என் வீட்டில், என் பாத்திரத்தை வைத்து நடக்கிற பேச்சில் நான் சும்மா இருந்தால் மரியாதையாக இருக்காது என்று தோன்றியது.

"ஆளையும் பாக்கணும், இடத்தையும் பாக்கணும்" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். முத்துலட்சுமி கொஞ்சம் யோசித்து, "அத்தை சொல்லுததுதான் சரி. ரெண்டையும் கலந்துதான் ஆடணும்" என்றாள்.

அதற்கு மேல் என்னைக் கையில் பிடிக்க முடியுமா? கால்பந்து முழுக்க எனக்குப் புரிந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். பந்து வலையில் விழுந்தால் கோல், கோல் விழுந்தால் கொண்டாட்டம். இவ்வளவு எனக்கும் தெரியும். ஆகவே சில்வியா எங்கள் ஆட்களைப் போல வலைக்காரி. வலையில் விழுந்ததை எடுத்துச் சேர்க்கிறவள். நான்கு டம்ளரும், விழுந்ததைத் திருட வருகிற வெங்காயங்களை விரட்டுவதற்கு. இதற்குப் போய் இத்தனை பேச்சா?

இந்த நினைப்பிலேயே ஒரு டம்ளரை எடுத்து, வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரருக்குக் காப்பி கொடுத்துவிட்டு வந்தேன்.

"அத்தை, ஸ்டாப்பர எங்க?" என்று பதறினாள் ஜெனோவா.

"உங்க மாமா குடிச்சிட்டு இருக்காக."

ஸ்டாப்பர் இருந்த இடத்தில் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒத்துப்போய், எழுந்திருக்கும்போது ஜெனோவா கையைக் கூப்பிச் சொன்னாள்: "மாதாவே, நாளைக்கு நம்ம வலையில ஒண்ணு கூட விழக்கூடாது. வலை காலியாவே இருக்கணும்."

எனக்குக் கை நின்றுவிட்டது. கடல் தொழில் செய்கிறவர்கள் வீட்டில் அப்படி ஒரு சொல் வராது. ஒரு பொடி மீன்கூடக் கிடைக்காமல் கரைக்கு வந்தால்கூட, 'இன்னைக்குச் சுமார்' என்றுதான் சொல்வார்கள். வலை காலி என்று வாயால் சொன்னால் அது வலையிலேயே தங்கிவிடும்.

"ஏளா, வாயக் கழுவு" என்றேன். "வலக்காரன் மகளப் பக்கத்துல வச்சிக்கிட்டு என்ன பேச்சுப் பேசுத."

சில்வியா சிரித்தாள். "அத்தை, காலியா இருந்தாத்தான் நாங்க செயிப்போம்."

அதெப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் எல்லாம் தெரிந்தவளைப் போலத் தலையை ஆட்டினேன். சின்னஞ்சிறுசுகள், வாய்தவறிச் சொன்னதை நாம்தான் சரிக்கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனேன்.

மறுநாள் பூசையில் வாசிக்கிற மன்றாட்டுகளை உபதேசியார்தான் எழுதி வைப்பார். "சில்வியா வலை நிறையணும்னு போடுங்க" என்றேன்.

"உங்க தம்பி மகளா? அவ எப்பம்மா கடலுக்குப் போக ஆரம்பிச்சா?"

"நாளைக்கு அவளுக்குப் பெரிய நாளு. எழுதுங்க."

காலைப் பூசைக்கு அணி முழுவதும் மஞ்சள் சட்டை போட்டு முன் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தது. உபதேசியார் தாராள மனசுக்காரர். நான் கேட்டதற்கு மேலேயே எழுதியிருந்தார். "சில்வியாவின் வலை இன்று நிரம்பி வழிய வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்" என்று மைக்கில் வாசித்தார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயிலே சொன்னது. மஞ்சள் சட்டைகள் மட்டும் சொல்லவில்லை. அடுத்த பாட்டில் ஜெனோவாவுக்குச் சுருதி தப்பியது. பூசை தெரியாத முத்துலட்சுமிதான் எல்லோருடனும் சேர்ந்து உரக்கச் சொல்லி வைத்தாள். சில்வியா திரும்பி என்னைப் பார்த்தாள், கண் கலங்கியிருந்தது. நன்றியில்தான் கலங்குகிறாள் என்று நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பேசுவதற்குள் கோச் எல்லோரையும் வேனில் ஏற்றிவிட்டார்.

நான் ஒரு பாட்டிலில் கோயில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு, என் வீட்டுக்காரரோடு ஆட்டோவில் மைதானத்துக்குப் போனேன். சில்வியா எந்த வலைக்கு முன்னால் நின்று பழகுகிறாள் என்று பார்த்து வைத்தேன். அவள் தண்ணீர் குடிக்கப் போனதும், அந்த வலையிலும் கம்பத்திலும் நன்றாகத் தெளித்துவிட்டு, பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்தேன். (என் வீட்டுக்காரர் நிழல் தேடி அந்தப் பக்கம் போய்விட்டார். போகாமல் இருந்திருக்கலாம்.)

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பல்லாரி வந்தாள். பத்தாம் நம்பர் போட்ட சட்டையில் அசல் பல்லாரியாகவே இருந்தாள். இரண்டு பேரைத் தாண்டி ஒரே உதை. பந்து சில்வியாவைக் கடந்து வலைக்குள் போய் விழுந்தது.

"விழுந்துட்டு, விழுந்துட்டு" என்று எழுந்து நின்று கை தட்டினேன். நான் நினைத்தபடியே சில்வியா குனிந்து வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்தாள். பக்கத்தில் இருந்த பச்சைச் சட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். எனக்குக் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தார்கள். ஊர் பெயர் தெரியாத பிள்ளைகளுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவதும் விழுந்தது. மறுபடி எழுந்து நின்றேன்.

"ஆச்சி, நீங்க எங்க காலேஜ்ல யாருக்குச் சொந்தம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இந்தா வலையில நிக்காளே, அவளுக்கு அத்தை" என்றேன் பெருமையாக.

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தது, சில்வியாவைப் பார்த்தது, பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டது.

இடைவேளையில் சில்வியா நேரே என்னிடம் வந்தாள்.

"அத்தை, எங்க மேல உங்களுக்கு என்ன கோவம்?"

"கோவம் என்னத்துக்கு? அதான் ரெண்டு விழுந்திருக்கே."

"அது எங்க வலை அத்தை."

"அதத்தாம்ளா நானும் சொல்லுதேன்."

"எங்க வலையில விழுந்தா அவங்களுக்குத்தான் கணக்கு."

குச்சி ஐஸ் உருகிச் சேலையில் ஒழுகிக்கொண்டிருந்தது. "அப்ப மீனு யாருக்கு?" என்று கேட்டேன்.

"மீனு அவங்களுக்கு அத்தை" என்றாள் அவள், அழுகையை அடக்கிக்கொண்டு. "அந்த டீச்சர் வந்திருக்காங்க. இனிமே கை மட்டும் தட்டாதிய."

என்னை யாரோ தலைகீழாகப் பிடித்துக் கடலில் முக்கி எடுத்தது போல் இருந்தது. முந்தின நாள் பேசிய பேச்செல்லாம் அப்போதுதான் ஒன்றொன்றாக நேராகி நின்றது. டம்ளர் எதற்கு, ஜாடி எதற்கு என்று புரிந்தது. பின்னால் நின்றால் ஏன் கொடியைத் தூக்குகிறார்கள் என்பது மட்டும் இன்றுவரை புரியவில்லை.

அடுத்த பாதியில் அணிகள் பக்கம் மாறின. தீர்த்தம் தெளித்த வலை பச்சைச் சட்டைக்குப் போய்விட்டது. அதில் நம் பிள்ளைகள் இரண்டு பந்து போட்டார்கள். நான் கையின் மேல் உட்கார்ந்திருந்தேன். சமமாக முடிந்ததால் பெனால்டி என்றார்கள். இரண்டு அணியும் ஒரே வலையில்தான் அடிக்க வேண்டுமாம். ரெஃப்ரி கையைக் காட்டியது தீர்த்த வலையை.

கயிற்றோரமாகப் போய்ச் சில்வியாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "ஏளா, அந்த வலையில தீர்த்தம் தெளிச்சிருக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

யார் அடித்தாலும் உள்ளேதான் போனது. நம்மவர்கள் அடித்ததும் போனது, அவர்கள் அடித்ததும் போனது. அவர்களுடைய கடைசி உதைக்குப் பல்லாரி வந்து நின்றாள். சில்வியா கையைத் தூக்கி ஒரு நிமிஷம் கேட்டாள். இடுப்பிலிருந்த துண்டை உருவி, இந்தக் கம்பத்தையும் அந்தக் கம்பத்தையும் வலையையும் நிதானமாகத் துடைத்தாள். துண்டை ஓரமாக எறிந்துவிட்டு வந்து நின்றாள். பல்லாரி அடித்ததை ஒற்றைக் கையால் வெளியே தள்ளினாள். மைதானமே கை தட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. (சொன்ன சொல்லைக் கேட்கிறவள் நான்.)

அடுத்து நம் பிள்ளை போட்டால் ஜெயம். அவள் அடித்ததை அந்தப் பக்கத்துக் கீப்பரும் பிடித்துவிட்டாள். துடைத்த வலை இருவருக்கும் பொதுதானே. பிறகு ஆளுக்கொன்று அடித்ததில் அவர்கள் பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. நம் பந்து மேலே போனது. தோற்றோம்.

வீட்டுக்கு வந்ததும் சில்வியா கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அப்போது தம்பி போன் செய்தான். பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவனே சொன்னான்: "இன்னைக்கு ரொம்பச் சுமார்க்கா. டீசல் காசுக்குக்கூட ஒண்ணுமில்ல."

நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பிள்ள கேட்டது, நீ கேட்டது, ரெண்டு வேண்டுதலும் போய்ச் சேந்திருக்கு. விலாசந்தான் மாறிட்டு."

சாத்திய கதவுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

சில நாள் கழித்து அந்த டீச்சர் சில்வியாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவ்வளவு நெருக்கடியிலும் பதறாமல் கம்பத்தைத் துடைத்துவிட்டு வந்து நின்ற நிதானம் தனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லி, இரண்டாவது கீப்பராக எடுத்துக்கொண்டாராம். எதற்குத் துடைத்தாள் என்று கேட்டதற்கு, "கம்பம் ஈரமா இருந்துச்சு மேடம்" என்றாளாம். பொய் இல்லை. இப்போது விளையாட்டுக் கணக்கில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள்.

தம்பி இன்றும் கடலுக்குப் போகிற நாளெல்லாம் போன் செய்து, "அக்கா, இன்னைக்கு ஆட்டம் எதுவும் இல்லியே?" என்று கேட்டுவிட்டுத்தான் வள்ளத்தை இறக்குகிறான். கோயிலில் மன்றாட்டு எழுதக் கொடுக்கப் போனால் உபதேசியார் பேனாவை மூடியபடியே வைத்துக்கொண்டு, "எந்த வலைம்மா?" என்கிறார்.

நான் கோபித்துக்கொள்வதில்லை. "அவங்கவங்க வலைக்கு அவங்கவங்க கேட்டபடின்னு போடுங்க" என்கிறேன். அப்படியே எழுதுகிறார். ஆனால் வாசிக்கும்போது ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஒரு தடவை நிறுத்தி, நான் உட்கார்ந்திருக்கிற பக்கம் பார்த்துவிட்டுத்தான் மேலே வாசிக்கிறார்.